ஒருமுறை தாங்கிய பெல்ட்

கம்பெனியில் அவருக்குப் பூட்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. உயரமான இரும்புக் கட்டுமானங்களை எழுப்பும் கம்பெனி அது. ஹெல்மெட், பூட்ஸ், கையுறை, உயரத்தில் ஏறுகிறவர்கள் தோளையும் தொடையையும் சுற்றி மாட்டிக்கொள்ளும் பெல்ட் எல்லாம் அவருடைய ஸ்டோரில்தான் இருந்தன. பழைய கையுறையைக் காட்டாமல் அவரிடம் புதியது வாங்க முடியாது. காட்டினாலும் எந்த இடத்தில் கிழிந்தது, எப்படிக் கிழிந்தது என்று ஒரு விசாரணை நடக்கும். "பூட்டுகிட்ட கையுறை வாங்குறதும் கல்லுல நார் உரிக்கிறதும் ஒண்ணு" என்பார்கள் வெல்டர்கள். அவர் காதில் விழும்படியே சொல்வார்கள். அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

மற்றவர்கள் எடுத்தார்கள். பெயின்ட், பல்பு, திருகாணி, கைக்கு எட்டியது எல்லாம் வெளியே போனது. ஒருவர் வீட்டுக் கதவே கம்பெனித் தகட்டில் செய்தது என்று பேச்சு. பூட்டின் வீட்டில் துணி காயப்போடும் கயிறுகூடக் கடையில் வாங்கியது.

"ஸ்டோர்ல வேலை பாக்குற புருஷன்னு பேருதான் பெருசு. இந்த வீட்டுக்கு ஒரு ஆணி வந்திருக்குமா?" என்று அவர் மனைவி கேட்பாள்.

"ஆணி வந்தா பின்னாடியே சுத்தி வரும். சுத்தி வந்தா அதுக்குப் பின்னாடி போலீஸ் வரும்" என்பார் பூட்டு. வாசலில் நிற்கும் வாட்ச்மேன் எல்லோருடைய பையையும் திறந்து பார்ப்பான். பூட்டின் பையை மட்டும் தொடவே மாட்டான்.

அவருக்கு ஒரே தங்கை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் அவளை வளர்த்து ஆளாக்கியது அவர்தான். அவள் கட்டிக்கொண்டவன் பெயின்டர். வீட்டுக்குள் சுவர் அடிக்கிற பெயின்டர் இல்லை. அடுக்குமாடிக் கட்டடங்களின் வெளிப்புறத்தில், மொட்டைமாடியிலிருந்து இரண்டு கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து அடிக்கிறவன். மேலே உட்கார்ந்துகொண்டு சீட்டியடிப்பான். தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்து, சற்றுத் தள்ளி நகர்ந்து போவார்கள். இடுப்பில் ஒரு நைலான் கயிறு கட்டியிருப்பான். அதன் மறுமுனை மேலே ஏதாவது ஒரு குழாயில் முடிந்திருக்கும்.

"அந்தக் கயிறு எனக்கில்ல மச்சான். உன் தங்கச்சிக்கு" என்று பூட்டிடம் சொல்லிச் சிரிப்பான். "கட்டியிருக்கியான்னு கேட்டா கட்டியிருக்கேன்னு சொல்லணுமில்ல? கட்டினவளுக்காகக் கட்டுறேன்."

தங்கைக்குச் சிரிப்பு வராது. ஒருநாள் அண்ணன் வீட்டுக்கு வந்தவள், அண்ணி உள்ளே போன நேரம் பார்த்து மெல்லக் கேட்டாள்.

"அண்ணே, உங்க ஸ்டோர்ல பெல்ட் நிறைய இருக்குமே. இவருக்கு ஒண்ணு கிடைக்காதா?"

"கம்பெனிது எப்படிம்மா தர்றது? கடையில கேட்டுப் பாக்குறேன்."

கேட்டுப் பார்த்தார். நல்ல பெல்ட்டின் விலை அவர் நினைத்ததைவிட எங்கேயோ இருந்தது. தெருவோரக் கடையில் தொங்கியவற்றை இழுத்துப் பார்த்தார். நாய்க்குக் கட்டக்கூட நம்ப முடியாது என்று தோன்றியது. அடுத்த மாதம் வாங்கிவிடலாம் என்று வந்துவிட்டார். அடுத்த மாதம் வந்தது, போனது. தங்கை மறுபடி கேட்கவில்லை. கேட்காததுதான் அவரை அரித்தது.

அந்த நாட்களில்தான் கம்பெனியில் ஒரு வெல்டர் இரும்புச் சட்டத்திலிருந்து கால் தவறி விழுந்தான். பெல்ட் பிடித்துக்கொண்டது. அந்தரத்தில் பல்லி மாதிரி கொஞ்ச நேரம் தொங்கிவிட்டுக் கீழே இறங்கினான். மார்பில் பட்டை அழுத்திக் கன்றிய தடம், அவ்வளவுதான். அன்றைக்கே அந்த பெல்ட் கழிவுக்கு வந்தது. ஒருமுறை ஆளைத் தாங்கிய பெல்ட்டை மறுபடி கொடுக்கக் கூடாது என்பது விதி. உள்ளே இழைகள் அறுந்திருக்கும், வெளியே தெரியாது. எந்தத் தையல் எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி துண்டு துண்டாக வெட்டிப் போட வேண்டும்.

வெல்டர் மறுநாள் ஸ்டோர் ஜன்னலில் வந்து நின்றான்.

"அண்ணே, அந்த பெல்ட்டை எனக்குக் குடுத்துடுங்க. போடுறதுக்கு இல்ல. வீட்டுல ஆணியில மாட்டி வைக்கிறேன். புள்ளைங்க பாக்கட்டும்."

"கம்பெனி சொத்துப்பா."

"வெட்டிக் குப்பையில போடப்போறீங்க."

"குப்பையில போடுற வரைக்கும் கம்பெனி சொத்துதான்."

"குப்பையில விழுந்த பிறகு?"

"அப்ப குப்பைக்காரனைக் கேளு" என்று ஜன்னலைச் சாத்தினார். வெல்டர் திட்டிக்கொண்டே போனான்.

கழித்த பொருள்களை வெட்டும்போது பாதுகாப்பு அதிகாரி கூடவே நிற்க வேண்டும். எல்லோரும் சேஃப்டி மேடம் என்று கூப்பிடும் அந்தப் பெண், எதிலும் கறாரானவள். அன்று மூன்று பெல்ட்கள் மேஜைமேல் இருந்தன. முதலாவதை வெட்டத் தொடங்கியபோது அவளுக்கு ஃபோன் வந்தது. பள்ளிக்கூடத்தில் மகளுக்குக் காய்ச்சல், உடனே வந்து கூட்டிப்போகச் சொன்னார்கள். அவள் வெட்டாத பெல்ட்களுக்கும் சேர்த்துச் சாட்சிக் கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கைப்பையை எடுத்தாள்.

"நீங்களே வெட்டிடுங்க. உங்களை நம்பாம வேற யாரை நம்புறது?"

முதலாவதை முடித்து, இரண்டாவதையும் வெட்டினார். மூன்றாவது வெல்டருடையது. மஞ்சள் நிறம் மங்கவே இல்லை. கொக்கிகள் பளபளத்தன. கத்தியைப் பட்டைமேல் வைத்தார். கை அழுந்தவில்லை.

நேற்று ஒரு உயிரைப் பிடித்து நிறுத்திய சாமான் இது. அதற்குக் கிடைக்கும் பரிசு கத்தியா? கட்டடத்தில் தொங்குகிற தன் வீட்டு ஆளுக்கு இடுப்பில் ஒரு கயிறு. இங்கே நல்ல பெல்ட்டை நறுக்கிக் குப்பைக்கு அனுப்புகிறோம். குப்பைக்குப் போவதை எடுத்தால் யாருக்கு நஷ்டம்? கம்பெனிக்கு இது இனிமேல் ஒன்றுமே இல்லை. விதி போடுகிறவர்கள் எப்போதும் பயந்தாங்கொள்ளிகள். பத்து சொன்னால் நாலு இருக்கும். வருஷக்கணக்காக மற்றவர்களுக்குச் சொல்லிவந்த பதில் ஒன்றுகூட அப்போது அவருக்கு நினைவுக்கு வரவில்லை. பெல்ட்டிலிருந்து கொக்கிக்குப் போகும் கயிறு வெல்டர் விழுந்தபோது இழுபட்டுப் பிய்ந்திருந்தது. அதை மட்டும் கழற்றி வெட்டிப் போட்டார். அதன் இடத்தில், கழிவுப் பெட்டியில் கிடந்தவற்றில் நன்றாக இருந்த ஒன்றை மாட்டினார். பெல்ட்டைச் சுருட்டிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து மேலே துண்டைப் போட்டார்.

வாசலில் வாட்ச்மேன் வணக்கம் வைத்தான். பூட்டும் வைத்தார்.

தங்கை வீட்டில் அன்று ஒரே கொண்டாட்டம். மாப்பிள்ளை பெல்ட்டை மாட்டிக்கொண்டு அந்தச் சின்ன அறையில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தான். கொக்கியைக் கதவு நாதாங்கியில் மாட்டி, பின்பக்கமாகச் சாய்ந்து காட்டினான். பெண் குழந்தைகள் இரண்டும் ஆளுக்கொரு பட்டையைப் பிடித்துத் தொங்கின.

"உங்க கம்பெனியில சும்மா குடுத்தாங்களா அண்ணே?" என்றாள் தங்கை.

"மாடல் மாத்துறாங்க. பழசைக் கழிச்சுட்டாங்க" என்றார். அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. உடனே, பொய்க்கு ஈடாக ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும்போல் தோன்றியது. "ராசியான பெல்ட்டு மாப்ளே. ஏற்கனவே ஒரு ஆளைக் காப்பாத்தியிருக்கு."

தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே ராத்திரி நிம்மதியாத் தூங்குவேண்ணே."

தூங்கினாள், கொஞ்ச காலம்.

மாப்பிள்ளை விழுந்தது வெயில் ஏறிய ஒரு முற்பகலில். ஐந்தாவது மாடி ஜன்னல் ஓரத்தில் ஒரு மூலை பாக்கி இருந்தது. எட்டிச் சாய்ந்தபோது பலகை ஒருபக்கமாக வழுக்கியது. பெல்ட் பிடித்தது. பிடித்த வேகத்தில் அவனை ஊஞ்சல்போலப் பக்கவாட்டில் வீசியது. அப்போது முதுகுப்புறத் தையல் விட்டது. தரைக்குப் போகாமல், பக்கத்தில் கார் நிறுத்தும் கொட்டகையின் கூரைமேல் விழுந்தான். உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லாமல் போனது.

பூட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். தங்கை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் நர்ஸ்கள் கொடுத்த பிளாஸ்டிக் பை. உடுப்பையும் பெல்ட்டையும் கத்தரித்துத்தான் எடுத்திருந்தார்கள். டாக்டர் கூப்பிட்டு அவள் உள்ளே போனதும் பையைத் திறந்து பார்த்தார். கத்தரி வெட்டியது நேர்கோடாக இருந்தது. முதுகுப் பட்டை மட்டும் பிய்ந்து, நூல் நூலாகச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. வெல்டரின் எடை தொங்கிய அதே இடம். பெல்ட் எப்படி அறும் என்று புதியவர்களுக்குப் படம் காட்டி விளக்குகிறவர் அவர். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மாப்பிள்ளைக்குப் பேச்சு வந்ததும் அவன் முதலில் தேடியது பூட்டைத்தான்.

"மச்சான், பிடிச்சுது மச்சான்."

"பேசாதே மாப்ளே. ஓய்வா இரு."

"இல்ல, கேளு. டக்குன்னு பிடிச்சுது. அந்தரத்துல நிறுத்தி, அப்படியே என்னைத் தூக்கிக் கூரைப் பக்கம் வீசுச்சு. பழைய கயிறா இருந்தா நேரா தரையிலதான். இந்நேரம் என்னைச் சுத்தி உக்காந்து அழுதுக்கிட்டு இருந்திருப்பீங்க. நீ குடுத்த உயிரு மச்சான் இது."

பூட்டு அவன் நெற்றியைத் துடைத்துவிட்டார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். அது பாசத்தில் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டான்.

"முன்னெல்லாம் எட்டாத இடம்னா பலகையை நகர்த்திக்குவேன்" என்றான் பிறகு, யாரோ ஒருவருடைய வேலையைப் பற்றிப் பேசுவதுபோல. "பெல்ட்டு வந்ததும் தைரியம் வந்துடுச்சு. சாஞ்சு அடிச்சாலே போதும்னு ஆயிடுச்சு. சீக்கிரம் முடிக்கிறேன்னு மேஸ்திரிக்கும் சந்தோஷம்."

வந்து பார்த்தவர்கள் எல்லோரிடமும் பெல்ட் கதையைச் சொன்னான். மேஸ்திரி ஒருமுறை வந்து பழம் வைத்துவிட்டு, "அவன் சொந்த பெல்ட்டு, அவன் சொந்தப் பொறுப்பு" என்று தாழ்வாரத்தில் சொல்லிவிட்டுப் போனவன்தான். பிறகு ஃபோனையே எடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குத் திரும்பிய பிறகு அந்தக் குடும்பத்தின் அரிசியும் மருந்தும் பூட்டின் சம்பளத்திலிருந்தே போயின. அவர் மனைவி முணுமுணுக்கவில்லை. அதுவும் அவருக்குப் பாரமாக இருந்தது.

தாங்க முடியாமல் ஒருநாள் சேஃப்டி மேடத்தின் அறைக்குப் போய் நின்றார். எல்லாவற்றையும் சொன்னார். அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"இதை யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் சொல்லல மேடம். முதல்ல உங்ககிட்டதான்."

"அப்ப என்கிட்டயும் சொல்லல. நான் எதுவும் கேக்கல."

"மேடம், நான் செஞ்சது திருட்டு. எனக்குத் தண்டனை வேணும்."

"உங்களுக்கு வேணும்" என்றாள். குரல் உடைந்து உயர்ந்தது, பிறகு தானே தணிந்தது. "வெட்டினதைப் பாத்தேன்னு கையெழுத்துப் போட்டவ நான். உங்களுக்குத் தண்டனை வந்தா எனக்கு என்ன வரும்? எனக்கும் வீடு இருக்கு, குழந்தை இருக்கு. வேலை போச்சுன்னா உங்க தங்கச்சி வீட்டுக்கு யார் அரிசி வாங்குவா? யோசிச்சீங்களா?"

யோசித்திருந்தார். அதனால்தான் இத்தனை நாள் வராமல் இருந்தார்.

"உங்களை நம்பினதுதான் நான் செஞ்ச தப்பு" என்றாள் அவள். "போங்க. போய் வேலையைப் பாருங்க."

அதற்குப் பிறகு கழிவு வெட்டும்போதெல்லாம் அவள் கடைசித் துண்டு விழும்வரை நின்றாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கத்தியை மட்டும் பார்த்தாள். கம்பெனியில் வேறெதுவும் மாறவில்லை. வாட்ச்மேன் வணக்கம் வைத்தான். வெல்டர்கள் கல்லில் நார் உரிப்பதைப் பற்றிப் பேசினார்கள். "என் பையைத் திறந்து பாருப்பா" என்று ஒருநாள் பூட்டு வாட்ச்மேனிடம் சொன்னார். "நல்ல ஜோக்குண்ணே" என்று அவன் சிரித்தான்.

தங்கையிடம் சொல்ல இன்னும் நாளாயிற்று. கணவன் தூங்கும் நேரம், அவள் கொல்லைப்புறக் குழாயடியில் அவன் படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருந்தாள். பூட்டு பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சொன்னார். மாடல் மாற்றவில்லை என்பதை, வெட்ட வேண்டிய பெல்ட் என்பதை, உள்ளே அறுந்திருக்கும் என்று தனக்குத் தெரியும் என்பதை. அவள் கை நிற்கவில்லை. விரிப்பைப் பிழிந்தாள், உதறினாள், கொடியில் போட்டாள். பிறகுதான் திரும்பினாள்.

"தெரிஞ்சே குடுத்தியா?"

"நல்லா இருக்கும்னு நெனச்சேம்மா. பாக்கப் புதுசு மாதிரியே..."

"தெரிஞ்சே குடுத்தியா?"

"தெரியும்."

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் போய் மூடினாள்.

"அவர்கிட்ட சொல்லிடாதே."

"சொல்லாம எப்படிம்மா? என்னைப் பாக்குறப்பல்லாம் உயிர் குடுத்தவன்னு..."

"சொல்லாதே. காலையில கண்ணு முழிச்சதும் காலை அசைக்கப் பாக்குறார். தினமும். அசையாதுன்னு தெரிஞ்சதும் கொஞ்ச நேரம் சுவரைப் பாத்துட்டுப் படுத்திருப்பார். அப்புறம், 'உயிராவது மிஞ்சுச்சே, மச்சான் புண்ணியம்'னு சொல்லிட்டுத்தான் டீ குடிக்கிறார். அதையும் பிடுங்கிட்டா அவர்கிட்ட என்ன இருக்கும்? உன் மனசு லேசாகணும்னு அவர் தலையில இறக்கி வைக்காதே."

"உன் தலையில வச்சுட்டேனே."

"ஆமா. வச்சுட்டே." அவள் வெறும் வாளியைத் தூக்கினாள். "வராம இருந்துடாதே. வரலேன்னா கேப்பார். வா, உக்காரு, பேசு. என்கிட்ட மட்டும் பேசாதே."

அன்றிலிருந்து அவள் அவரை அண்ணே என்று கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போவார். சாப்பாடு போடுவாள். "இன்னும் வேணுமான்னு கேளுங்க" என்று கணவனிடம் சொல்வாள். மாப்பிள்ளை அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அல்லது கவனித்து, கஷ்டம் வந்த வீட்டில் இப்படித்தான் என்று விட்டிருக்கலாம்.

ஒரு ஞாயிறு அங்கே நெட்டையன் உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளையோடு வேலை செய்த பெயின்டர். நின்றால் தலை கதவு நிலையில் இடிக்கும். அருகே தரையில் அவன் நைலான் கயிறு சுருட்டி வைத்திருந்தது.

"வா மச்சான், உனக்காகத்தான் இவனை உக்கார வச்சிருக்கேன்" என்றான் மாப்பிள்ளை. பல நாட்களுக்குப் பிறகு அவன் குரலில் உற்சாகம் இருந்தது. "இப்ப இவனைத்தான் என் பலகையில உக்கார வச்சிருக்காங்க. எட்டு மாடி. இடுப்புல அதே கயிறு. இவனுக்கும் ஒரு பெல்ட் எடுத்துக் குடு மச்சான்."

பூட்டு தங்கையைப் பார்த்தார். அவள் கையில் தண்ணீர் செம்புடன் உள் வாசலில் நின்றுவிட்டாள்.

"இப்ப முன்ன மாதிரி இல்ல மாப்ளே. கெடுபிடி ஜாஸ்தியாயிடுச்சு."

"குப்பைக்குப் போறதுதானே?"

"அதையும் வெட்டிடுறாங்க. ஆள் நிக்கிறாங்க."

"உன்னையா சந்தேகப்படப் போறாங்க? நீ மனசு வச்சா நடக்கும். எனக்குச் செஞ்சியே."

"முடியாது மாப்ளே."

"சொந்தக்காரன்னா ஒரு நியாயம், ஊரான்னா ஒரு நியாயமா? உன்னைப் பத்தி நான் என்னென்னமோ சொல்லி வச்சிருக்கேன் இவன்கிட்ட." மாப்பிள்ளை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். உடம்பைத் திருப்ப முடியாததால் கழுத்து மட்டும் முறுக்கிக்கொண்டு நின்றது.

"விடுண்ணே, இருந்தா குடுக்காமலா இருப்பார்" என்று நெட்டையன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

பூட்டு அவன் பின்னாலேயே தெருவில் இறங்கினார். தெருமுனையில், மூடியிருந்த ஒரு மருந்துக்கடைப் படியருகே அவனை எட்டிப் பிடித்தார். இவனிடமாவது சொல்லிவிட வேண்டும். இவன் ஒருவனுக்குத்தான் அந்த உண்மையால் ஏதாவது பிரயோஜனம் உண்டு.

"தம்பி, நில்லு. நான் ஏன் மாட்டேன்னு சொன்னேன்னு தெரிஞ்சுக்கோ. அது கழிச்ச பெல்ட்டு. ஏற்கனவே ஒருத்தன் விழுந்து தாங்கினது. அப்படித் தாங்கினது மறுபடி தாங்காது. தெரிஞ்சும் எடுத்துக் குடுத்தேன். அதான் அறுந்துச்சு. மாப்பிள்ளைக்குத் தெரியாது. நீ அந்த மாதிரி எதையும் நம்பி ஏறிடாதே."

நெட்டையன் திடுக்கிடவில்லை. கயிற்றை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"அப்படித்தான் ஏதோ இருக்கும்னு அன்னைக்கே பேசிக்கிட்டோம்ணே. புதுசு எதுக்குக் கம்பெனியிலேர்ந்து வெளிய வருது?"

"அப்புறமும் கேக்கிறியா?"

"கேக்காம? இந்தக் கயிறு இருக்கே, இது ஒரு தடவைகூடப் பிடிக்காதுண்ணே. விழுந்தா இடுப்பு ஒடிஞ்சு, அதுவும் அறுந்து, ரெண்டும் ஒண்ணாப் போய்ச் சேரும். அந்த பெல்ட்டு பாதியாவது பிடிச்சுது. அண்ணன் படுத்துக்கிட்டாவது இருக்காரு." அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. சந்தையில் விலை கேட்கிறவனின் குரல்தான். "அந்த மாதிரியே ஒண்ணு வந்தா சொல்லுங்க. அறுந்தா உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டேன். வீட்டுலயும் சொல்லி வச்சுடுறேன்."

பூட்டுக்கு வாய் திறந்தது. கம்பெனி சொத்து, விதி, மேடம், தங்கை, எதைச் சொல்வது? ஒரு நல்ல பெல்ட் வாங்கித் தருகிறேன் என்று சொல்ல நினைத்தார். இரண்டு வீட்டு அரிசி நினைவுக்கு வந்தது.

"இல்லப்பா" என்றார்.

நெட்டையன் தலையாட்டினான். பலமுறை கேட்டுப் பழகிய பதில்தான். தெருவைக் கடந்து எதிர்ப்புற நிறுத்தத்தில் போய் நின்றான். பூட்டின் பஸ் இந்தப் பக்கம் வரும். பஸ் வர நேரமாயிற்று. இருவரும் ஆளுக்கொரு பக்கம், ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தார்கள்.